காற்றடிக்கும் கயாக்: கடல்நீரேரியில் இறங்க முன்

காற்றடித்து மிதக்கவிடும் இந்தச் சிறு துடுப்புப் படகை வாங்கிய அன்றே யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரைக்குக் கொண்டு ஓடாதீர்கள். முதல் நாள் வீட்டு முற்றம்தான். நெருஞ்சி முள் கிடக்கிறதா என்று தரையைக் கையால் தடவிப் பார்த்து, பழைய பாயொன்றைப் போட்டு, அதன்மேல் கயாக்கை விரியுங்கள்.

காற்றடிக்கக் கைப்பம்பு போதும். பக்கக் குழாய்களுக்குப் பெரும்பாலும் 1 முதல் 3 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை. பலகைபோல் விறைக்கும் அடித்தளம் உள்ள வகைகளில் தளத்துக்கு மட்டும் 6 முதல் 10 வரை போகும். வால்வுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை மீற வேண்டாம். கார் டயருக்கே 30 பிஎஸ்ஐ அளவில் அடிக்கிறார்கள். அந்த டயர்க் கடைக் கம்பிரசரில் கயாக்கைக் கொடுத்தால் கண் இமைப்பதற்குள் தையல் பிரிந்துவிடும்.

அடித்து முடிந்ததும் சவர்க்கார நீரைத் தொட்டு வால்வையும் பொருத்துகளையும் தடவுங்கள். குமிழி வந்தால் ஒழுக்கு. இரவு முழுவதும் அப்படியே விட்டு, விடியற்காலையில் கொஞ்சம் தளர்ந்திருந்தால் பயம் வேண்டாம். குளிரில் காற்றுச் சுருங்குவது வழமை. வெயில் ஏறியதும் பழையபடி விறைக்கும். விறைக்காவிட்டால்தான் ஒழுக்கைத் தேட வேண்டும்.

இதே காரணத்தால், கரையில் வெயிலில் முழு அழுத்தத்துடன் கிடத்தி வைப்பது கூடாது. மதியச் சாப்பாட்டுக்குப் போவதென்றால் நிழலில் இழுத்துப் போட்டுக் கொஞ்சம் காற்றைத் திறந்து விடுங்கள். மாறாக, நீரில் இறக்கிய பின் கயாக் குளிர்ந்து தளரும். பத்து நிமிடம் மிதக்க விட்டு, குறைந்ததை அடித்துக்கொண்டு புறப்படுங்கள்.

உள்ளே அடைத்த காற்றைவிட வெளியே வீசும் காற்றுத்தான் ஆளைப் பழிவாங்கும். கயாக்குக்குப் பாரமில்லை, நீருக்குள் ஆழமும் இல்லை; சோழகக் காற்று அதைச் சருகுபோல் தள்ளும். காலையில் அமைதியாக இருந்த நீர் என்று நம்பி, முதல் முறை காற்றோடு போனேன். திரும்பும்போது துடுப்புப் போட்டும் நின்ற இடத்திலேயே நின்றேன். முழங்காலளவு நீர் என்பதால் இறங்கி, மாட்டைப் பிடிப்பதுபோல் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைக்கு நடந்தேன். அன்றிலிருந்து போகும்போது காற்றை எதிர்த்துத்தான். களைத்துத் திரும்பும்போது அதுவே தள்ளிவிடும். விடியலோடு இறங்கி, வெயில் ஏறுமுன் கரையேறுங்கள். உயிர்காப்பு அங்கியை இருக்கையில் வைக்காமல் உடலில் போடுங்கள். பாலங்களின் கீழே நீரோட்டம் இழுக்கும் இடங்களைத் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது.

ஆழம் குறைந்த இடத்தில் அடியில் பொருத்தும் சிறு தகட்டில் சாதாளை என்ற கடற்புல் சுற்றிக்கொள்ளும். கயாக் திடீரென்று பாரமாகத் தெரிந்தால் அதைத்தான் முதலில் பாருங்கள். வலைக் கம்புகளுக்குக் கிட்டப் போகாதீர்கள். அது இன்னொருவரின் பிழைப்பு. கம்பில் ஒட்டிய சிப்பியும் கத்திபோல் கிழிக்கும்.

தூண்டில்களை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பிடித்த மீனை மடியில் துள்ள விடாமல் நேரே பிளாஸ்டிக் வாளிக்குள் போடுங்கள். ஓரா மீனின் முள் குழாயையும் குத்தும், கையையும் குத்தும். கையில் ஏறினால் அன்றைய மீன்பிடி அதோடு சரி.

வீட்டுக்கு வந்ததும் நன்னீரில் கழுவுங்கள். உவர்க் கிணறு என்றால் குழாய் நீரில். இருக்கைக்குக் கீழேயும் குழாய்கள் சேரும் மடிப்பிலும் விரலை விட்டு மணலை எடுக்க வேண்டும். அந்த மணல்தான் நாளடைவில் தேய்த்து ஓட்டையாக்கும். நிழலில் முழுதாக உலர்ந்த பிறகே மடியுங்கள்.

ஓட்டை விழுந்தால் சைக்கிள் ரியூப் ஒட்டும் முறை இங்கே சரிவராது. நீர்க்குழாய் ஒட்டும் பசையும் வேண்டாம். அது காய்ந்து இறுகி, மடித்ததும் வெடிக்கும். நெகிழும் பிவிசிக்கென்றே உள்ள பசையும் அதே துணித்துண்டும் வேண்டும். காற்றை இறக்கி, அழுக்கைத் துடைத்து, ஓட்டையைச் சுற்றி இரண்டு அங்குலம் மிச்சமிருக்கும்படி துணித்துண்டை வட்டமாக வெட்டுங்கள். சதுர மூலை எளிதில் கிளம்பும். இரு பக்கமும் பசை பூசி, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்த்து, ஒரு நாள் பாரம் வைத்து விடுங்கள்.

மடித்த கயாக்கை நிலத்தில் போடாமல் உயரத்தில் கட்டித் தொங்க விடுங்கள். மீன் மணம் மிச்சமிருந்தால் எலி தேடி வரும்.