சர்வே பாயிண்ட்ட ஆட்டோகேட் லேயரா பிரிக்கிறது: சைட்லயே ஆரம்பிக்கணும்

லேயர்னா டிராயிங்ல ஒவ்வொரு வகைக்கும் வெக்கிற தனி அடுக்கு. அத பிரிக்கிறது ஆபீஸ்ல சிஸ்டம் முன்னாடி உக்காந்து செய்ற வேலைன்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க. இல்லைங்க, டோட்டல் ஸ்டேஷன்ல (தூரமும் கோணமும் அளக்கற சர்வே மெஷின்) பாயிண்ட் சேவ் பண்றப்ப கோட் என்னன்னு ஒரு கட்டம் கேக்குதே, அதுல நீங்க அடிக்கிறதுதான் நாளைக்கு லேயரா மாறுது. அத காலியா விட்டுட்டு வந்தீங்கன்னா 600 பாயிண்ட்டும் ஸ்கிரீன்ல வெறும் புள்ளியா நிக்கும், எது வரப்பு எது ரோடு ஓரம்னு சைட்ல பிரிசம் (மெஷின் குறி பாக்கற கண்ணாடி) புடிச்சவருக்கு போன் போட்டு கேட்டுக்கிட்டே இருக்கணும்.

நாங்க ஒரு பக்கத்துல கோட் லிஸ்ட் அடிச்சு லேமினேட் பண்ணி டோட்டல் ஸ்டேஷன் பெட்டிக்குள்ளயே வெச்சிருக்கோம். ரோடு ஓரத்துக்கு ஆர்இ, காம்பவுண்ட் சுவருக்கு சிடபிள்யூ, சர்வே கல்லுக்கு எஸ்டி, வெறும் தரைக்கு ஜிஎல், மரத்துக்கு டிஆர், கரண்ட் கம்பத்துக்கு ஈபி, இப்படி. 20 கோட்டுக்கு மேல வேணாம், வெயில்ல நிக்கிறவருக்கு ஞாபகம் இருக்காது. ஒரே மாதிரி ரெண்டு லைன் வந்தா நம்பர் சேத்துக்கோங்க, ரோட்டுக்கு இடது ஓரம் ஆர்இ1 வலது ஓரம் ஆர்இ2ன்னு, ஏன்னா பிரிசம் புடிக்கிறவர் இந்த ஓரம் ஒண்ணு அந்த ஓரம் ஒண்ணுன்னு மாத்தி மாத்திதான் நடப்பாரு, நம்பர் இல்லேன்னா ஆபீஸ்ல லைன் இழுக்கறப்ப ரோடு தையல் போட்ட மாதிரி குறுக்க மறுக்க ஓடும்.

அடுத்து இம்போர்ட். டோட்டல் ஸ்டேஷன்லேருந்து வர்ற சிஎஸ்வி ஃபைல் பெரும்பாலும் பாயிண்ட் நம்பர், நார்த்திங் (வடக்கு தூரம்), ஈஸ்டிங் (கிழக்கு தூரம்), உயரம், கோட்ங்கற வரிசைல இருக்கும். ஆட்டோகேட்டுக்கு மொதல்ல எக்ஸ் வேணும், அது ஈஸ்டிங். இத மாத்தி போட்டா நிலம் கண்ணாடில பாத்த மாதிரி திரும்பிடும், பரப்பளவு மட்டும் சரியாவே வரும், அதனாலதான் பல பேருக்கு தப்பு நடந்ததே தெரியறதில்ல. சிவில் 3டி (சர்வே, சிவில் வேலைக்கான ஆட்டோகேட்) இருந்தா டெஸ்கிரிப்ஷன் கீ (எந்த கோட் எந்த லேயருக்குன்னு சொல்ற பட்டியல்) செட் பண்ணி வெச்சீங்கன்னா டிஆர்னு ஆரம்பிக்கிற கோட் எல்லாம் தானாவே மர லேயருக்கு போயிடும். வெறும் ஆட்டோகேட்னா எக்ஸெல்ல கோட் வாரியா சார்ட் பண்ணி, ஈஸ்டிங் கமா நார்த்திங் கமா உயரம்னு நடுவுல ஸ்பேஸ் இல்லாம ஒரே நெடுவரிசைல சேத்து, அந்த லேயர கரண்ட் (இப்ப வரையறது போய் விழற லேயர்) ஆக்கிட்டு மல்டிபிள் பாயிண்ட் கமாண்ட்ல பேஸ்ட் பண்ணிக்கலாம். ஸ்கிரிப்ட் ஃபைலா ஓட்டறவங்க கண்டிப்பா ஓஸ்னாப்ப (பக்கத்து புள்ளில தானா ஒட்டற வசதி) ஆஃப் பண்ணிட்டு ஓட்டுங்க, இல்லேன்னா பக்கத்துல இருக்கற பாயிண்ட்டுக்கே புது பாயிண்ட்டும் ஒட்டிக்கும், நீங்க கவனிக்கவே மாட்டீங்க. புள்ளி கண்ணுக்கு தெரியலேன்னா பிடிமோட்ட (புள்ளி எப்படி தெரியணும்ங்கற செட்டிங்) 3 ஆக்குங்க.

இப்ப முக்கியமான விஷயம், இத மட்டும் யாரும் விட்டுடாதீங்க. லேயர் பேர மூணு குடும்பமா பிரிங்க. இன்னிக்கு நாம அளந்தது எல்லாம் எஸ்வின்னு ஆரம்பிக்கட்டும், காகிதத்துலேருந்து வந்தது எல்லாம் ரெக்னு ஆரம்பிக்கட்டும், எழுத்து, நார்த் குறி, குறிப்பு எல்லாம் டிஎக்ஸ்னு ஆரம்பிக்கட்டும். லேயர் லிஸ்ட் அகர வரிசைல நிக்கும், அதனால முன்னெழுத்து ஒண்ணா இருந்தா குடும்பம் குடும்பமா தானா சேந்துக்கும். எஸ்வி-வேலியும் ரெக்-எஃப்எம்பியும் (எஃப்எம்பின்னா சர்வே ரெக்கார்டுல இருக்கற நிலத்தோட அளவு வரைபடம்) எக்காரணம் கொண்டும் ஒரே லேயர்ல வரக்கூடாது. வேலி எங்க நிக்குதுங்கறது வேற, எல்லை எங்கன்னு ரெக்கார்டு சொல்றது வேற. எங்களுக்கு வந்த ஒரு பழைய டிராயிங்ல ரெண்டும் பவுண்டரின்னு ஒரே லேயர்ல கெடந்துச்சு, அத வாங்கின ஆர்க்கிடெக்ட் வெளிய தெரிஞ்ச லைன எடுத்து செட்பேக் (எல்லைலேருந்து காலியா விட வேண்டிய இடம்) போட்டுட்டாரு, அது எல்லையே இல்ல, பக்கத்து நிலத்துக்காரர் போட்ட வேலி. அஸ்திவாரத்துக்கு மார்க் பண்ணப்பதான் தெரிஞ்சுது, பிளான மொத்தமா திரும்ப வரைய வேண்டியதாச்சு, வீடு கட்ட கடன் வாங்கியிருந்த குடும்பம் அது.

எஃப்எம்பிய கொண்டு வர்றதுலயும் ஒரு முறை இருக்கு. பிடிஎஃப் படத்த கீழ வெச்சு மேல டிரேஸ் பண்ணாதீங்க, பிரிண்ட்லயும் ஸ்கேன்லயும் அளவு சுருங்கியிருக்கும். அதுல எழுதியிருக்கற ஜி லைன் (அளவுக்கு அடிப்படையா போட்ட கோடு) நீளத்தையும் ஆஃப்செட்டையும் (அந்த கோட்டுலேருந்து பக்கவாட்டுல எடுத்த தூரம்) வெச்சு நம்பர்லேருந்தே வரைங்க. பழைய ஸ்கெட்ச்ல அளவு லிங்க்ஸ்ல (பழைய சங்கிலி அளவு) இருந்தா 1 லிங்க் 0.2012 மீட்டர். வரைஞ்சு முடிச்சதும் சைட்ல கெடச்ச கல்லு ரெண்ட வெச்சு அலைன் பண்ணுங்க, அப்போ ஸ்கேல் பண்ணவான்னு கேக்கும், நோ குடுங்க. நகத்தலாம், திருப்பலாம், நீட்டக்கூடாது. நீட்டினா கல்லுக்கும் ரெக்கார்டுக்கும் இருக்கற வித்தியாசம் மறைஞ்சு போயிடும், அந்த வித்தியாசத்த கண்டுபுடிக்கத்தானே அளக்கவே போனோம். பரப்பளவையும் தனித்தனியா எழுதுங்க, பட்டால 0.40.50ன்னு இருந்தா அது 40.5 ஏர், அதாவது 4050 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 1 ஏக்கர், அது ரெக் லேயர்ல. நீங்க அளந்து வந்த பரப்பு எஸ்வி லேயர்ல.

எல்லைய எப்பவும் பாலிலைன்ல இழுங்க. தனித்தனி லைனா பாயிண்ட்டுக்கு பாயிண்ட் ஸ்னாப் பண்ணா ஒவ்வொண்ணும் வேற வேற உயரத்துல இருக்கறதால நீளம் சரிவு நீளமா வந்துடும், பத்திரத்துல இருக்கறது கிடை நீளம்.

கான்டூர் (ஒரே உயரத்துல இருக்கற எடத்த இணைக்கிற கோடு) வேணும்னா ஜிஎல் பாயிண்ட்டுக்குன்னு தனி லேயர் வெச்சே ஆகணும். சர்ஃபேஸ்க்குள்ள (பாயிண்ட்டுலேருந்து சாஃப்ட்வேர் உருவாக்கற தரை வடிவம்) தரை மட்டும்தான் போகணும், கூடவே கரை மேல்முனை, கரை அடி மாதிரி பிரேக்லைன் (சரிவு சட்டுன்னு மாறுற கோடு). கம்பத்து உச்சி, மொட்டை மாடி, கெணத்துக்குள்ள அடிச்ச பாயிண்ட் எல்லாம் வேற லேயர். ஒரே ஒரு கெணத்து பாயிண்ட் உள்ள போயிட்டா சுத்தி பத்து கான்டூர் பள்ளமா சுருண்டுடும், மண்ணு அள்ளுற கணக்கே மாறிடும். 0.5 மீட்டருக்கு ஒரு கான்டூர்னா ஒவ்வொரு அஞ்சாவதும் தடிமனா மேஜர் லேயர்ல, மிச்சது மெல்லிசா மைனர்ல.

எழுத்து சைஸ்: மீட்டர்ல வரையறப்ப 1:500 பிரிண்ட்ல 2 மிமீ எழுத்து வேணும்னா 1 மீட்டர் உயரம், 1:200க்கு 0.4 மீட்டர். பாயிண்ட் நம்பர், லெவல், கோட் மூணும் மூணு லேயர்ல இருக்கட்டும், பிரிண்ட்டுக்கு பெரும்பாலும் லெவல் மட்டும் போதும்.

கலர், லைன்டைப் எல்லாம் பைலேயர்லயே (லேயர்ல வெச்சதையே எடுத்துக்கற அமைப்பு) விடுங்க. ஜீரோ லேயர்ல எதையும் வரையாதீங்க, அது பிளாக் செய்றதுக்கு. வேணாங்கற லேயர ஆஃப் பண்றதுக்கு பதிலா ஃப்ரீஸ் பண்ணுங்க, எரேஸ் போட்டு ஆல்னு அடிச்சா ஆஃப்ல இருக்கறதும் சேந்து அழியும், ஃப்ரீஸ்ல இருக்கறது தப்பிக்கும். கண்ட்ரோல் பாயிண்ட் லேயர எப்பவும் லாக்.

டிஜிபிஎஸ்ல (துல்லியமான ஜிபிஎஸ் சர்வே) எடுத்ததுன்னா எந்த ஸோன்னு குறிப்பு லேயர்ல எழுதிடுங்க. 78 டிகிரி கிழக்குக்கு மேற்க யூடிஎம் (உலகத்த ஸோன் ஸோனா பிரிச்ச மேப் முறை) ஸோன் 43, கிழக்க 44. கோயம்புத்தூர் 43, சென்னை 44, அந்த கோடு திண்டுக்கல், கரூர் பக்கமா போகுது, அங்க வேலை செய்றவங்க ரெண்டு பேர் ரெண்டு ஸோன்ல எடுத்துட்டு ஒண்ணா ஒட்டவே ஒட்டலைன்னு தவிக்கிறத பாத்திருக்கேன். இன்னொண்ணு, ஸோனோட நடு மெரிடியன்ல ஸ்கேல் 0.9996, அதாவது 1 கிலோமீட்டருக்கு 40 செமீ கொறையும், அதனால கிரிட்டா (மேப் தூரம்) கிரவுண்டான்னும் (நிஜ தரை தூரம்) சேத்து எழுதுங்க.

ஆர்க்கிடெக்டுக்கு ஒண்ணு, கான்டூருக்கு ஒண்ணு, எஃப்எம்பி ஒப்பீட்டுக்கு ஒண்ணுன்னு மூணு ஷீட் வேணும்னா ஃபைல காப்பி பண்ணாதீங்க, ஒரே டிராயிங்ல மூணு லேஅவுட் (பிரிண்ட் ஷீட்) போட்டு வியூபோர்ட்ல (ஷீட்ல டிராயிங்க காட்டற ஜன்னல்) வேண்டாத லேயர ஃப்ரீஸ் பண்ணா போதும், திருத்தம் வந்தா ஒரே எடத்துல திருத்தலாம். அனுப்பறதுக்கு முன்னாடி ஆடிட் (ஃபைல் பிழைய சரி பண்றது), பர்ஜ் (பயன்படாதத நீக்கறது) ரெண்டும் ஓட்டிட்டு, லேயர் பேருக்கு என்ன அர்த்தம்னு ஒரு சின்ன டேபிள் டிராயிங் ஓரத்துல வைங்க, கூடவே கை வைக்காத அந்த மொத சிஎஸ்வியையும் சேத்தே அனுப்பிடுங்க.