மாப்பிள்ளை வீட்டு வம்சத்த தேடுறது எப்படி? கியூபெக் பேர்களும் அந்த ‘டி’யும்

எங்க பொண்ணு கட்டினது கனடாவோட பிரெஞ்சு பேசுற கியூபெக் மாநிலத்துல இருக்குற மொன்றியால் ஊர்ப் பையன, போன வருஷம் பேரனுக்கு ஸ்கூல்ல ஃபேமிலி ட்ரீ வரைஞ்சிட்டு வரச் சொன்னாங்க. எங்க பக்கம் எங்கப்பாவோட தாத்தா பேரோட நின்னுபோச்சு, அதுக்கு மேல சொல்ல யாரும் இல்ல. மாப்பிள்ளை பக்கம் தேட உக்காந்தா 1660கள் வரைக்கும் போகுது, எனக்கு நெஞ்சே நெறஞ்சிருச்சு. சிங்கப்பூர்ல இந்த மாதிரி சம்பந்தம் இப்ப நெறைய, அதான் எழுதுறேன்.

முதல்ல கம்ப்யூட்டர தொடாதீங்க, சம்பந்தி வீட்டுப் பெரியவங்களுக்கு ஃபோன் போடுங்க. அங்க கோடைன்னா சரியா 12 மணி நேர வித்தியாசம், நம்ம நைட் ஒம்போது அங்க காலைல ஒம்போது. தாத்தா பாட்டி கல்யாணம் எந்த ஊர் சர்ச்சுல, எந்த வருஷம், பாட்டியோட பொறந்த வீட்டுப் பேரு என்ன, இத கேட்டுக்கோங்க.

அப்புறம் ஃபேமிலிசர்ச் வெப்சைட்ல இலவசமா அக்கவுண்ட் தொறந்தா கியூபெக் கத்தோலிக்க சர்ச் பதிவேடுகள் 1621லேர்ந்து இருக்கு. கல்யாணப் பதிவத்தான் தேடணும், ஏன்னா அதுல ரெண்டு பேரோட அப்பா அம்மா பேரும் இருக்கும், அத வச்சு அவங்க கல்யாணத்த தேடுங்க, இப்படியே ஒவ்வொரு தலைமுறையா மேல ஏறலாம். நம்ம சிங்கப்பூர் அடையாள அட்டை ஐசில எஸ்/ஓ, டி/ஓ போடுற மாதிரியே அதுலயும் பிரெஞ்சுல ‘ஃபிஸ் டு’ன்னா மகன், ‘ஃபீ டு’ன்னா மகள். அப்பா பேருக்கு முன்னாடி எஃப், ஈ, யூன்னு மூணு எழுத்து இருந்தா அவர் அதுக்கு முன்னாடியே தவறிட்டார்னு அர்த்தம், இறப்புப் பதிவ எந்த வருஷத்துக்குள்ள தேடணும்னு அதுலயே தெரிஞ்சிரும். ரெண்டாம் கல்யாணம்னா பெரும்பாலும் அப்பா அம்மா பேரு போடாம செத்துப்போன துணையோட பேர மட்டும் போட்டிருப்பாங்க, அப்ப முதல் கல்யாணத்த தேடிப் போங்க.

பொம்பளைங்க இந்த சர்ச் பதிவுகள்ல பெரும்பாலும் பொறந்த வீட்டுப் பேர்லயேதான் இருப்பாங்க, புருஷன் பேர்ல தேடினா கெடைக்கிறது கஷ்டம். 1981லேர்ந்து கியூபெக் சட்டமே கல்யாணத்துக்கு அப்புறமும் சொந்தப் பேருதான்னு சொல்லுது. எனக்கு இது ரொம்பப் பிடிச்சது, ஒவ்வொரு பாட்டியும் தன் பேரோட அந்த ஏட்டுல நிக்கிறாங்க.

இப்ப எல்லாரும் தடுக்கி விழுற இடம், ரெண்டு குடும்பப் பேருக்கு நடுவுல வர்ற ‘dit’ங்கிற பிரெஞ்சு வார்த்தை. படிக்கிறப்ப ‘டி’, அர்த்தம் ‘என்கிற’. ஹூடோன் டி போல்யூன்னா போல்யூ என்கிற ஹூடோன். 1665ல பிரான்ஸ்லேர்ந்து வந்த காரின்யான்-சாலியேர் படையில சிப்பாய்ங்களுக்கு பட்டப்பேரு இருந்துச்சு, லாஃப்லர்னா பூ, சான்சூசின்னா கவலையில்லாதவன், அதுல கிட்டத்தட்ட 400 பேர் அங்கயே தங்கிட்டாங்க, பட்டப்பேரும் பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கிச்சு. நம்ம கிராமத்துல வீட்டுப்பேரு சொல்லி கூப்பிடுற மாதிரிதான். ஆனா அண்ணன் ஹூடோன்னும் தம்பி போல்யூன்னும் எழுதியிருப்பான், அதனால திடீர்னு ஆளு காணாம போனா ரெண்டாவது பேர்ல தேடுங்க. அமெரிக்கா போனவங்க இன்னும் மாத்திட்டாங்க, ருவா கிங் ஆயிட்டார், புவாவேர் கிரீன்வுட் ஆயிட்டார்.

முதல் பேரையும் அப்படியே நம்பாதீங்க. ஞானஸ்நானத்துல பையன்னா ஜோசப், பொண்ணுன்னா மரி, கூடவே ஞானத்தகப்பன் இல்லாட்டி ஞானத்தாய் பேரும் சேரும், வீட்டுல கூப்பிடுற பேரு பெரும்பாலும் கடைசில இருக்கும்.

1849க்கு முந்தின காலத்துக்குப் போயிட்டா மொன்றியால் பல்கலைக்கழகத்தோட பிஆர்டிஎச் (PRDH) டேட்டாபேஸ்ல குடும்பம் குடும்பமா கோத்தே வச்சிருக்காங்க, முழு விவரத்துக்கு காசு கட்டணும், எனக்கு அது தகும்னுதான் தோணுச்சு. பேரனோட முதல் பாட்டிய அதுலதான் பிடிச்சேன், 1663லேர்ந்து 1673க்குள்ள பிரெஞ்சு ராஜா செலவுல கல்யாணத்துக்காக கப்பல்ல வந்த கிட்டத்தட்ட 800 பொண்ணுங்கள்ல ஒருத்தி. அப்படி முதல்ல வந்தவங்களோட கல்யாணப் பதிவுல பிரான்ஸ்ல எந்த ஊர் சர்ச்ன்னு பல சமயம் எழுதியிருக்கும், அத தனியா குறிச்சு வைங்க, அங்க தேட அதுதான் வேணும்.