உட்கருவைப் பிரித்துவிட்டதாக நம்பும் முன்

கோலாலம்பூரில் எங்கள் ஆய்வகத்துக்கு ஒவ்வொரு பருவமும் புதிய முதுகலை மாணவர்கள் வருகிறார்கள். இலைச் செல்களிலிருந்து உட்கருவையும் சைட்டோபிளாசத்தையும் தனித்தனியாகப் பிரிப்பதில், ஆள் மாறினாலும் தவறு மாறுவதில்லை. கையுறை, பனிக்கட்டி பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை.

சுழற்சி வேகம்

செய்முறையில் 1,500 ஜி (புவியீர்ப்பைப் போல் 1,500 மடங்கு விசை) என்று இருந்தால் மையவிலக்குக் கருவியில் நிமிடத்துக்கு 1,500 சுழற்சி என்று அமைத்துவிடுகிறார்கள். 8.4 செ.மீ. ஆரமுள்ள சுழலியில் அது வெறும் 211 ஜி. தேவைப்படுவதோ சுமார் 4,000 சுழற்சி.

அரைத்த தூள்

உறைய வைத்து அரைத்த இலைத்தூளை இளகுவதற்குள் கரைசலில் போட்டுவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் உரலைத் திறந்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்க முடியாது.

ஒரு பக்கம் மட்டும் பார்ப்பது

“அக்கா, உட்கரு சுத்தமாக வந்துவிட்டது” என்று ஒரு மாணவர் வெஸ்டர்ன் பிளாட் (எதிர்பொருளைக் கொண்டு ஒரு புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) படத்தை நீட்டினார். உட்கருப் பகுதியில் உட்கருப் புரதமான ஹிஸ்டோன் எச்3-இன் பட்டை பளிச்சென்று தெரிந்தது. சைட்டோபிளாசப் பகுதியை அவர் ஜெல்லில் ஓட்டவே இல்லை. உட்கரு இருக்கிறது என்பதற்குத்தான் அந்தப் பட்டை சாட்சி. மற்றவை விலகிவிட்டன என்பதற்கு அல்ல.

புரதங்களை ஜெல்லிலிருந்து மாற்றி, எல்லாவற்றையும் சிவப்பாகக் காட்டும் போன்சோ சாயமிட்ட சவ்வை வாங்கிப் பார்த்தேன். 55 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அருகே தடித்த சிவப்புப் பட்டை: பசுங்கணிகத்தின் ருபிஸ்கோ. பசுங்கணிகம் கூடவே வந்திருக்கிறது. உறைபெட்டியில் இருந்த மீதி உட்கருப் படிவும் (சுழற்றியபின் அடியில் தங்குவது) கீரை நிறத்தில்தான் இருந்தது. சோப்பு போன்ற ட்ரைட்டான் எக்ஸ்-100 கலந்த கரைசலால் பச்சை போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவியிருக்க வேண்டும். அவர் ஒரு முறையோடு நிறுத்திவிட்டார். ஆனால் அதற்குள் தான் ஆராயும் புரதம் உட்கருவில் இருப்பதாக அறிக்கை எழுதியாயிற்று. எதிர்பொருள் குப்பி ஒன்றின் விலை ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். எனக்கு எரிச்சல் வராதா?

முழுச் சாறு, சைட்டோபிளாசம், உட்கரு மூன்றையும் ஒரே ஜெல்லில் ஓட்டுங்கள். எச்3, சைட்டோபிளாச நொதியான பெப் கார்பாக்சிலேஸ் இரண்டையும் மூன்றிலும் தேடுங்கள். சைட்டோபிளாசத்தில் எச்3 தெரிந்தால் உட்கரு உடைந்திருக்கிறது. உட்கருவில் பெப் கார்பாக்சிலேஸ் தெரிந்தால் கழுவியது போதவில்லை. ருபிஸ்கோவையே சைட்டோபிளாச அடையாளமாக வைப்பவர்களும் உண்டு. அது பசுங்கணிகப் புரதம், அந்த வேலைக்கு ஆகாது.

வோர்டெக்ஸ்

குழாயை வேகமாக அதிரவைத்துக் கலக்கும் இந்தக் கருவி உட்கருப் படிவுக்கு வேண்டவே வேண்டாம்.

மேல்நீர்

படிவுக்கு மேல் நிற்கும் நீரைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினால் படிவும் சேர்ந்து வரும். கொஞ்சம் விட்டுவிட்டு எடுங்கள். எடுத்ததை 10,000 ஜி விசையில் இன்னொரு முறை சுழற்றிய பிறகே சைட்டோபிளாசம் என்று குழாயில் எழுதுங்கள்.