தள்ளுபடி மளிகைக் கடையில் எதை வாங்கலாம், எதை விடலாம்

எம்.ஆர்.பி. விலைக்குக் கீழே மளிகைச் சாமான் விற்கும் பெரிய கடைகள், சென்னை, கோவை போன்ற மாநகரங்களைத் தாண்டி இன்று மாவட்டத் தலைநகரங்கள் வரை வந்துவிட்டன. மாதச் சாமான் முழுவதையும் அங்கேயே வாங்கிவிட்டால் மிச்சம் என்று எண்ணிப் பல குடும்பங்கள் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை டிராலியைத் தள்ளிக்கொண்டு வரிசையில் நிற்கின்றன. அந்தக் கணக்கு பாதிதான் சரி. இக்கடைகளில் சில வகைச் சரக்கு உண்மையிலேயே மலிவு. சில வகை, அண்ணாச்சி கடை விலையேதான். வேறு சில, மண்டியிலும் சந்தையிலும் கிடைப்பதைவிட விலை கூடுதல் அல்லது தரம் குறைவு. எது எந்த வகை என்பது, கடை எப்படி இலாபம் பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலும் விளங்கிவிடும்.

இவ்வகைக் கடைகளில் பெயர்பெற்ற டிமார்ட்டை எடுத்துக்கொள்வோம். இராதாகிஷன் தமானி தொடங்கிய இந்நிறுவனத்தின் முதல் கடை 2002இல் மும்பையின் பவாய் பகுதியில் திறக்கப்பட்டது. கட்டடங்களைப் பெரும்பாலும் சொந்தமாக வைத்துக்கொள்வதால் வாடகைச் சுமை குறைவு. சரக்கு கொடுத்த நிறுவனங்களுக்கு விரைவாகப் பணம் கொடுத்துவிடுவதால் கொள்முதல் விலையில் கூடுதல் கழிவு கிடைக்கிறது. வேகமாக விற்றுத்தீரும் சரக்கை மட்டும் அடுக்குவதால் போட்ட முதல் முடங்குவதில்லை. இந்த மூன்று சாதகமும் முழுமையாகப் பலிப்பது பெரிய நிறுவனங்களின் பாக்கெட் சரக்கில்தான். சோப்பு, ஷாம்பு, பற்பசை, துணி துவைக்கும் தூள், பாத்திரம் தேய்க்கும் திரவம், தரை துடைக்கும் திரவம், டீத்தூள், காபித்தூள், சத்துமாவு பானங்கள், பிஸ்கட், நாப்கின், குழந்தைகளின் டயப்பர் ஆகியவை அந்த வரிசையில் வரும். எங்கே வாங்கினாலும் உள்ளே இருப்பது ஒன்றே என்பதால், இவற்றுக்கு விலையை மட்டும் பார்த்தால் போதும். தள்ளுபடிக் கடைக்குப் போவதற்கு உரிய முதற்காரணம் இந்த வரிசைதான்.

ஆனால் அந்த விலையை எப்படிப் பார்ப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அலமாரிச் சீட்டில் எம்.ஆர்.பி.யை அடித்துவிட்டுக் கீழே குறைந்த விலையைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். எம்.ஆர்.பி. என்பது சரக்கைத் தயாரித்தவரோ பாக்கெட் போட்டவரோ தாமே வைக்கும் உச்சவரம்பு. அதற்கு மேல் விற்கக் கூடாது என்பது சட்டமே தவிர, அது சரக்கின் நியாயமான விலை என்று யாரும் சான்று கொடுக்கவில்லை. ஆகவே எத்தனை சதவீதம் தள்ளுபடி என்ற எண்ணை ஒதுக்கிவிட்டு, ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிலிட்டருக்கு என்ன விலை என்று பார்க்க வேண்டும். முன்பு எண்ணெய், பிஸ்கட், டீத்தூள் போன்ற சில பொருள்களை இன்னின்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 2022இல் அது நீக்கப்பட்டு, பாக்கெட்டின் மேல் அலகு விலையை அச்சிட வேண்டும் என்ற விதி வந்தது. எம்.ஆர்.பி.க்குப் பக்கத்திலேயே கிராமுக்கு இவ்வளவு என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதுவும் எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்ட கணக்கு என்பதால், கடை விலைக்கு நாம்தான் கைப்பேசியில் வகுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மாற்றம் அதிகமாகக் கண்ணில் படுவது சமையல் எண்ணெயில். சூரியகாந்தி எண்ணெய் ஒரு லிட்டர் சுமார் 910 கிராம் இருக்கும். இன்று அலமாரியில் அதே உயரத்தில், அதே நிறக் கவரில் 850 கிராம், 800 கிராம், 750 கிராம் பாக்கெட்டுகளும் நிற்கின்றன. ஒரு லிட்டர் பாக்கெட் 160 ரூபாய், பக்கத்தில் 850 கிராம் பாக்கெட் 152 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதை எடுத்தால் எட்டு ரூபாய் மிச்சம் போலத் தோன்றும். நூறு கிராமுக்குக் கணக்குப் பார்த்தால் முதலாவது 17 ரூபாய் 58 காசு, இரண்டாவது 17 ரூபாய் 88 காசு. எண்ணெய்ப் பாக்கெட்டில் லிட்டரைப் பார்க்காமல் கிராமைப் பார்ப்பதே நல்லது; சூட்டில் எண்ணெய் விரியும் என்பதால் அளவு மாறும், எடை மாறாது. பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையையும் இதே வகுத்தலால் சோதிக்கலாம்: ஆஃபர் நடக்கும் வாரத்தில் இரண்டு அரைக் கிலோ துணித்தூள், ஒரு கிலோவைவிடக் குறைந்த விலைக்கு வருவது உண்டு.

ரீஃபைண்டு எண்ணெயைத் தள்ளுபடிக் கடையில் தயங்காமல் வாங்கலாம். நல்லெண்ணெய்க்கும் கடலை எண்ணெய்க்கும் அதே துணிவு கூடாது. சந்தையில் எள் விற்கும் விலையை ஒப்பிட்டால் நம்ப முடியாத அளவுக்கு மலிவாக ஒரு பாட்டில் இருந்தால், பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். கலப்புத் தாவர எண்ணெய் என்று எழுதி, எது எத்தனை சதவீதம் என்று கீழே கொடுத்திருப்பார்கள். ஒவ்வோர் எண்ணெயும் குறைந்தது 20 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. இன்னொன்று தீப எண்ணெய். நல்லெண்ணெய் பாட்டிலின் நிறத்திலும் வடிவத்திலும் வந்து சில கடைகளில் அதற்குப் பக்கத்திலேயே நிற்கும் இது, விளக்கேற்றுவதற்கு மட்டுமே உரியது. வீட்டு வேலைக்கு வருபவரையோ பிள்ளைகளையோ கடைக்கு அனுப்பும்போது இதைச் சொல்லியே அனுப்ப வேண்டும்.

அரிசி வேறு கதை. அரிசி, பருப்பு, கோதுமை மாவு முதலியவற்றை 25 கிலோ வரை பாக்கெட்டில் அடைத்து விற்றால் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. என்பது 2022 ஜூலை 18 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு மேற்பட்ட எடைக்கு வரி இல்லை என்பதால், 25 கிலோ சிப்பம் ஒரே ஒரு கிலோ கூடி 26 கிலோ சிப்பமாக மாறியது. அரிசி மண்டிகளில் இன்று அடுக்கியிருப்பது அதுதான். தள்ளுபடிக் கடையின் ஐந்து கிலோ, பத்து கிலோ பைகளுக்கு அந்த வரி உண்டு. வரியைவிடப் பெரிய காரணம் வேறு. அரிசியில் பழையதா புதியதா என்பதைப் பொறுத்தே சோறு உதிரியாக வருவதும் குழைவதும் அமையும். அதை மண்டிக்காரர் சொல்வார், பாக்கெட் சொல்லாது. வாங்கிய சிப்பத்தில் சோறு சரியாக வரவில்லை என்றால், வாடிக்கையான மண்டியில் மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு வேறு தருவார்கள். இரண்டு பேர் மட்டுமே உள்ள வீட்டில் 26 கிலோ வாங்கி வைத்து வண்டு பிடிக்கவிடுவதைவிட ஐந்து கிலோ பை மேல் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிரியாணிக்கு எப்போதாவது வேண்டும் பாசுமதியைத் தள்ளுபடிக் கடையிலேயே எடுக்கலாம்; அதில் விலைக் குறைப்பு நன்றாக இருக்கும்.

பருப்பு வகைகளில் துவரை, பாசி, கடலை மூன்றும் இக்கடைகளில் பெரும்பாலும் நியாயமான விலைக்குக் கிடைக்கும். துவரம்பருப்பு மியான்மர், மொசாம்பிக் போன்ற நாடுகளிலிருந்தும் இறக்குமதியாவதால், வேகும் நேரம் லாட்டுக்கு லாட் மாறும். முதலில் ஒரு கிலோ மட்டும் வாங்கி, வழக்கமான விசிலுக்கு மசிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த முறை கூடுதலாக வாங்குவது நல்லது. உளுந்தை மட்டும் அங்கே விட்டுவிடுவேன். இட்லிக்கு ஆட்டும் உருட்டு உளுந்து பழையதாக இருந்தால் மாவு காணாது. கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைவு என்று வாங்கிவிட்டு, ஒவ்வொரு முறை ஆட்டும்போதும் ஒரு கைப்பிடி கூடுதலாகப் போட்டால் அந்தப் பத்து ரூபாய் எங்கே நின்றது? உளுந்தைப் பார்த்து எடுத்துத் தரும் பலசரக்குக் கடை ஒன்று பக்கத்தில் இருந்தால் அதை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் பாக்கெட்டில் மலிவாகவே தெரியும். ஆனால் தூளாக்கிய பிறகு எந்த மிளகாய், எப்போது அரைத்தது என்று கண்டுபிடிக்க வழி இல்லை. மாசி முதல் சித்திரை வரை புது மிளகாயும் புதுப் புளியும் சந்தைக்கு வரும் காலம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயும் அந்தப் பருவத்தில்தான் குவியும். வருடச் செலவுக்கு வாங்கி, வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்து வைக்கும் வீட்டுக்குத் தூள் பாக்கெட்டுகளின் அலமாரியில் வேலையே இல்லை. அதற்கு இடமோ நேரமோ இல்லாதவர்கள் நூறு கிராம், இருநூறு கிராம் பாக்கெட்டுகளாக வாங்குவது நல்லது. திறந்த தூள் ஒரு மாதத்தில் மணம் இழந்துவிடும். சீரகம், சோம்பு, மிளகு, வெந்தயம், கடுகு போன்றவற்றைத் தள்ளுபடிக் கடையின் சொந்தப் பாக்கெட்டில் எடுக்கலாம். கவர் வழியே சரக்கு கண்ணுக்குத் தெரிகிறது, தூசி இருந்தால் தெரிந்துவிடும்.

காய்கறி, கீரை, சின்ன வெங்காயம் ஆகியவற்றுக்கு உழவர் சந்தை இருக்கிறது. 1999இல் மதுரையில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள், இடைத்தரகர் கிடையாது. பெரிய வெங்காயமும் உருளைக்கிழங்கும் சில நாள்களில் தள்ளுபடிக் கடையில் அடக்க விலைக்கே கிடைக்கும். அவை ஆளை உள்ளே இழுப்பதற்கானவை, எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். முட்டைக்கு நாமக்கல் பண்ணை விலை தினமும் செய்தித்தாளில் வருகிறது. அட்டை விலையை 30ஆல் வகுத்து அதனுடன் ஒப்பிட்டால் போதும்.

ஐஸ்கிரீம் பெட்டிக்கு முன்னால் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். பாலின் கொழுப்பில் செய்ததுதான் ஐஸ்கிரீம். தாவரக் கொழுப்பில் செய்ததை ஃபுரோசன் டெசர்ட் என்று அச்சிட வேண்டும், மலிவாக இருப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். முந்திரியில் முழுப் பருப்பை விட்டுவிட்டுத் துண்டுப் பருப்பை வாங்கினால் பாயசத்துக்கும் பொங்கலுக்கும் எந்தக் குறையும் வராது. ஆனால் முந்திரி, வேர்க்கடலை, கொப்பரை போன்ற எண்ணெய்ச் சத்துள்ள சரக்கை மலிவுக்காகக் கிலோக் கணக்கில் வாங்கினால், பாதி தீர்வதற்குள் காறல் வாடை அடித்துவிடும்.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற அறிவிப்பைக் கண்டால் கை தேதியைத் தேட வேண்டும். சில பாக்கெட்டுகளில் கெடுதேதி நேராக இருக்காது. பேக்கிங் தேதியும், அதிலிருந்து இத்தனை மாதம் என்ற குறிப்பும் தனித்தனி இடத்தில் இருக்கும், கூட்டிப் பார்க்க வேண்டும். கோதுமை மாவு, ரவை போன்றவற்றின் ஆயுள் சில மாதங்களே என்பதால் இதில் கவனம் தேவை. அலமாரியில் முன்வரிசையில் நிற்பது பழைய சரக்கு. பின்னால் கைவிட்டு எடுப்பது தவறில்லை. சோப்புக்கும் பாத்திரத் திரவத்துக்கும் இந்தக் கவலை இல்லை, அவற்றில் இலவசம் வந்தால் மூன்று மாதத்துக்கும் சேர்த்து எடுத்துவிடலாம். சோப்பு, ஷாம்பு, பற்பசை ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருப்பதால், பழைய விலையை நினைவில் வைத்துக்கொண்டு இன்றைய விலையைத் தள்ளுபடி என்று மகிழ்வதும் சரியல்ல.

மேல்மாடியில் துணி, பிளாஸ்டிக் டப்பா, பாத்திரம், போர்வை எல்லாம் இருக்கும். மளிகையில் விட்ட இலாபத்தைக் கடை ஈடுகட்டும் இடம் அதுதான். மளிகை வாங்கப் போன நாளில் அங்கே ஏறாமல் இருப்பதே பெரிய சேமிப்பு.

சீட்டு எழுதும்போதே முதலில் ரேஷன் கடையில் கிடைப்பதைக் கழித்துவிட வேண்டும். அரிசி அட்டைதாரர்களுக்குத் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கும்போது, எந்தத் தள்ளுபடிக் கடையும் அதற்குப் பக்கத்தில் வர முடியாது. மாத முதல் வாரத்தின் நெரிசலைத் தவிர்த்து, வேலைநாள் காலையில் போனால் நின்று படிக்க இடம் கிடைக்கும். பையை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும், அங்கே அதற்கும் காசு.

பில்லைக் கவுண்ட்டரைவிட்டு நகர்வதற்கு முன்பே சரிபார்க்க வேண்டும். அலமாரிச் சீட்டில் ஒரு விலையும் பில்லில் வேறு விலையும் வருவது, முக்கியமாக ஆஃபர் முடிந்த மறுநாள், எந்தக் கடையிலும் நடக்கக்கூடியது. சந்தேகமாகத் தோன்றும் பொருளின் அலமாரிச் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். எம்.ஆர்.பி.க்கு மேல் வசூலித்து, கேட்டும் திருப்பித் தராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் செய்யலாம். பில்லும் பாக்கெட்டும் கையில் இருக்க வேண்டும்.