இறுகிப்போன சீட் பைப்பும் ஒரு பை ஐஸும்

அப்பாவின் பழைய ரேஸ் சைக்கிளில் சீட் பைப் அசையவே இல்லை. காசிமேட்டு உப்புக் காற்றில் இரும்புச் சட்டமும் அதற்குள் செருகியிருக்கும் அலுமினியப் பைப்பும் அரித்து ஒட்டிக்கொண்டுவிட்டன. சுத்தியலால் அடித்தால் பைப்தான் நசுங்கும்.

போல்ட்டைக் கழற்றி, நான்கு நாள் துரு இளக்கும் ஸ்பிரே விட்டேன். சூடு காட்டலாமா? கூடாது. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ 2 மடங்கு விரியும், இன்னும் இறுகும். குளிரில் அதேபோல் கூடுதலாகச் சுருங்கும். சரி, மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸுக்கா பஞ்சம்? உடைத்த ஐஸைத் துணியில் கட்டிப் பைப்பைச் சுற்றி அரை மணி நேரம் வைத்தேன். அப்புறம் சீட்டை இரு கையாலும் பிடித்து முறுக்க, 'டக்'கென்று ஒரு சத்தம். விளிம்பில் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்! முன்னும் பின்னும் திருப்பியபடியே இழுத்ததும் வந்துவிட்டது. இப்போது கிரீஸ் தடவி மாட்டியிருக்கிறேன்.