அலுவலக உள்வடிவமைப்பு: படத்தில் தெரியாத தவறுகள்

தரமணியில் 2000-ஆம் ஆண்டு டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின்னர் அதையொட்டிய ராஜீவ் காந்தி சாலை (ஓ.எம்.ஆர்.) நெடுக அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன. அவற்றின் உட்புறத்தை அமைத்துத் தருவது இன்று சென்னையில் தனித் தொழில். வீட்டு வேலைகளில் பெயரெடுத்துவிட்டு இதற்குள் வரும் இளைஞர்கள் முதலில் தவறுவது, தமக்கு எதிரே இருப்பவர் யார் என்பதில்தான். வீட்டில் பணம் கொடுப்பவரே பெரும்பாலும் அங்கே குடியிருப்பார். அலுவலகத்தில் செலவுக்கு ஒப்புதல் தருபவர் ஒருவர், நாள் முழுவதும் நாற்காலியில் உட்காருபவர் மற்றொருவர், பழுதானால் பதில் சொல்ல வேண்டிய பராமரிப்பு மேலாளர் வேறொருவர். கடைசி நபரைக் கேட்காமல் வரைந்த திட்டம் பெரும்பாலும் அவரிடமே மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது பரப்பளவு. வாடகை ஒப்பந்தத்தில் உள்ள சூப்பர் பில்ட்-அப் பரப்பில் படிக்கட்டு, லிஃப்ட் போன்ற பொது இடங்களின் பங்கும் சேர்ந்திருக்கும். அந்த எண்ணை நம்பி இருக்கைகளைக் கணக்கிடாமல், டேப்பை எடுத்துக்கொண்டு நேரில் போய் அளக்க வேண்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, அலுவலகக் கட்டடங்களில் ஒருவருக்கு 10 சதுர மீட்டர் என்ற கணக்கில் ஆள் எண்ணிக்கையை மதிப்பிடுகிறது. மேசைகளை நெருக்கிப் போட்டு அதைவிடக் கூடுதலான பேரை உட்கார வைத்தால், தீ விபத்தின்போது வெளியேறும் கதவுகளும் படிக்கட்டுகளும் போதுமா என்பதையும் சரிபார்த்தாக வேண்டும்.

பெரிய தவறுகள் நடப்பது ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலேதான். திறந்த கூடத்தின் ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்பு வைத்துச் சந்திப்பு அறை ஒன்றை உருவாக்குவதாகக் கொள்வோம். வரைபடத்தில் அது நான்கு கோடுகள் மட்டுமே. ஆனால் ஏசி காற்று வரும் வழியும் திரும்பும் வழியும் தடுப்புக்கு வெளியே மாட்டிக்கொண்டால் அறை புழுங்கும்; தீயை அணைக்கத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரும் புகை உணரியும் அறைக்குள் தனியே வேண்டியிருக்கும். தடுப்புச் சுவர் ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிட்டால், உள்ளே பேசும் சம்பள விவரம் சீலிங்கின் மேலுள்ள இடைவெளி வழியாகப் பக்கத்து அறையில் கேட்கும். கண்ணாடி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பயனில்லை. பேச்சு வெளியே கேட்கக் கூடாத அறைக்குத் தடுப்பை மேல்தளக் கான்கிரீட் வரை கொண்டுபோக வேண்டும். ஏசி, மின்சாரம், தீத்தடுப்பு ஆகிய மூன்று பிரிவினரின் வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்காதவர், ஏசி காற்றைக் கொண்டுசெல்லும் டக்ட் ஓடும் இடத்திலேயே விளக்கைப் போடுவார்.

வேலை தேடும்போது பளபளக்கும் முப்பரிமாணப் படங்களை மட்டும் காட்டுவதும் இதே குறையின் இன்னொரு முகம்தான். தேர்ந்த நிறுவனம் முதலில் கேட்பது, ஒழுங்காக அளவிட்ட ஒரு சீலிங் வரைபடத்தையும் அளவும் விலையும் குறித்த பி.ஓ.க்யூ. பட்டியலையும்தான். இன்னொன்று: 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்யாதவர் தம்மை ஆர்க்கிடெக்ட் என்று அட்டையில் அச்சிடக் கூடாது. பொருள் விற்பவரிடம் வாடிக்கையாளருக்குத் தெரியாமல் கமிஷன் வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை; தெரியவந்த அன்றே அந்த வாடிக்கையாளரின் கதவு மூடிவிடும்.

படித்து முடித்தவுடன் சொந்த அலுவலகம் தொடங்குவதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. இரண்டு ஆண்டுகளாவது தச்சர்களோடும் எலக்ட்ரீஷியன்களோடும் சைட்டில் நின்றவருக்கே, மற்ற நிறுவனங்கள் இயங்கும் கட்டடத்தில் துளையிடும் சத்தம் பெரும்பாலும் இரவிலும் வார இறுதியிலும் மட்டுமே அனுமதிக்கப்படும் என்பதும், சரக்கு லிஃப்டுக்குள் நுழையாத பிளைவுட் பலகையை எங்கே வெட்டுவது என்பதும் தெரியும். இவற்றைக் கணக்கில் கொள்ளாமல் அவர் வாடிக்கையாளருக்கு முடிவுத் தேதி எழுதிக் கொடுக்க மாட்டார்.