கிலோமீட்டரை வைத்து விமான நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள்

டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போக எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால் பலரும் முதலில் தூரத்தைத் தேடுகிறார்கள். சுமார் 12,400 கி.மீ. என்று வரும். விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும், வகுத்தால் பதினான்கு மணி நேரத்துக்குள், அவ்வளவுதான் என்று முடித்துவிடுகிறார்கள்.

அந்த 12,400 என்பது உருண்டையான பூமியின் மேல் நூல் பிடித்து அளந்த மிகக் குறுகிய தூரம். சுவரில் மாட்டிய தட்டையான வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் இது புரியவே புரியாது, ஏனென்றால் உண்மையான குறுக்குவழி திபெத்தைத் தாண்டி சைபீரியா, ஆர்க்டிக் என்று ஏறி அலாஸ்கா வழியாக இறங்குகிறது. சரி, விமானம் அந்த வழியில் அப்படியே போகுமா என்றால் அதுவும் இல்லை. திபெத் மேல் பறக்க நிறுவனங்கள் தயங்கும். கேபினில் காற்றழுத்தம் போனால் உடனே சுமார் 10,000 அடிக்கு இறங்க வேண்டும், அங்கே தரையே அதைவிட உயரம்.

இதைவிடப் பெரிய விஷயம் காற்று. 2016-இல் ஏர் இந்தியா இதே டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கம் விடாமல் பசிபிக் பக்கம் திருப்பிவிட்டது. தூரம் சுமார் 13,900 கி.மீ.யிலிருந்து 15,300 ஆகக் கூடியது, ஆனால் பயணம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைந்து பதினான்கரை மணியில் முடிந்தது. விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளியதுதான் காரணம். பூமி சுழல்வதால் ஒரு திசையில் சீக்கிரம் போகலாம் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள், காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. அந்த ஜெட் காற்றால்தான் போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. 2020 பிப்ரவரியில், புயல் வீசிய நேரத்தில், நியூயார்க்கிலிருந்து ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக ஆறு மணிக்கு மேல் ஆகும் பயணம்.

அப்புறம் பழைய தகவலை நம்புவது. ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட 2022-க்குப் பிறகு ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ போக ஒன்பதரை மணிக்குப் பதிலாக பதின்மூன்று மணி ஆனது. தூரம் காட்டும் தளங்களில் அதே பழைய கிலோமீட்டர்தான். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளி மூடியபோது இந்திய விமானங்களுக்கும் இதே சுற்று. எனவே இரண்டு வருடம் முன்னால் போய்வந்த உறவினர் சொன்ன நேரத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள், இந்த வாரத்து அட்டவணையைப் பாருங்கள்.

டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரங்களைக் கழித்துப் பார்ப்பது இன்னொரு தவறு. அவை அந்தந்த ஊர் நேரம். அதிகாலை 2.30-க்கு டெல்லியில் கிளம்பி காலை 6-க்கு சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினால் மூன்றரை மணிப் பயணம் அல்ல, கோடையில் வித்தியாசம் பன்னிரண்டரை மணி, ஆக மொத்தம் 16. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் திருப்பிவைத்தபின் அந்த வித்தியாசம் பதின்மூன்றரை ஆகிவிடும்.

அழைத்துப் போக வருபவர்களிடம் தரையிறங்கும் நேரத்தை மட்டும் சொல்லாதீர்கள். குடியேற்றச் சோதனை வரிசையும் பெட்டிக்குக் காத்திருப்பதும் எந்த அட்டவணையிலும் கிடையாது.